இணையவழி இஎம்டி பயிற்சி: அமெரிக்காவில் சேர்வதற்கு ஒரு முழு வழிகாட்டி

இஎம்டி கோர்ஸின் கைப்பயிற்சி நடக்கும் ஸ்கில்ஸ் லேபில் முதல் நாள் நான் ஸ்டெதாஸ்கோப்பைத் திருப்பி மாட்டிக்கொண்டேன். அதற்கு முன் ஆறு வாரம் வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்த்திருந்தேன். ரத்த அழுத்தப் பாடத்தின் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். சக மாணவர் ஒருவரின் கையில் பட்டையைச் சுற்றி, பல்பை அமுக்கிக் காற்றேற்றி, மெல்ல இறக்கினேன். ஒரு சத்தமும் கேட்கவில்லை. மறுபடி ஏற்றினேன், அப்போதும் இல்லை. மூன்றாவது முறை அவர் முகம் சுளித்ததைப் பார்த்துப் பயிற்றுநர் வந்தார். என் காதிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி, காதுக்குமிழ்கள் மூக்குப் பக்கம் சாய்ந்திருக்கும்படி திருப்பி மாட்டிவிட்டார். டுப், டுப், டுப் என்று அவ்வளவு தெளிவாகக் கேட்டது!

இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப்போவது இதையொட்டிய ஒன்றுதான். ஆம்புலன்ஸில் வந்து அவசர உதவி செய்யும் இஎம்டி (எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன்) வேலைக்கான பயிற்சியில் பாதிக்கு மேல் இணையத்தில் படித்துவிடலாம். மிச்சத்தைக் கையால் செய்துதான் கற்க முடியும். அதனால் கோர்ஸ் தேடும்போது கட்டணத்தையும் வீடியோவின் தரத்தையும் பார்ப்பதற்கு முன்னால், கைப்பயிற்சி எங்கே, எப்போது, யார் மேற்பார்வையில் நடக்கிறது என்று கேளுங்கள். இதைக் கேட்காமல் பணம் கட்டிவிட்டுத் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சேரும் முன்: இஎம்டி என்பவர் யார்?

அமெரிக்க அவசர மருத்துவச் சேவையில் நான்கு படிநிலைகள் உண்டு. அடியில் எமர்ஜென்சி மெடிக்கல் ரெஸ்பாண்டர். அதற்கு மேல் இஎம்டி, அப்புறம் அட்வான்ஸ்டு இஎம்டி, உச்சியில் பாராமெடிக். இஎம்டி என்பவர் மூச்சுப் பாதையைத் திறந்து வைப்பார், பேக் மாஸ்க்கால் (கையால் அமுக்கும் பை பொருத்திய முகமூடியால்) காற்று கொடுப்பார், ரத்தப்போக்கை நிறுத்துவார், எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுவார், நின்ற இதயத்துக்கு நெஞ்சை அழுத்தி சிபிஆர் செய்து, மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியை இயக்குவார், பிரசவமும் பார்ப்பார். மருந்து என்று பார்த்தால் ஆக்சிஜன், ஆஸ்பிரின், வாய்வழி குளுகோஸ், ஓபியாய்டு போதைமருந்து அளவு மீறியவருக்குக் கொடுக்கும் நலாக்சோன் போன்ற சிலதான். ரத்தக்குழாயில் ஊசி ஏற்றுவது இந்த நிலையின் தேசிய வரையறைக்குள் வராது. மூச்சுக்குழாயில் குழாய் செருகுவது பாராமெடிக்கின் வேலை. 'ஆம்புலன்ஸில் வருகிறவர் எல்லாரும் பாராமெடிக்' என்று நினைத்துக்கொண்டு சேர்ந்துவிட்டு, 'இவ்வளவுதானா' என்று கேட்பவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவராவது இருப்பார்.

இந்த வேலைக்கு வரையறை வந்தே ஏறத்தாழ அறுபது ஆண்டுதான் ஆகிறது. 1960-களில் அமெரிக்காவின் பல ஊர்களில் இறுதிச்சடங்கு நிலையங்கள்தான் ஆம்புலன்ஸ் ஓட்டின. ஆளைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும் அளவுக்கு நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. வண்டியில் வரும் பணியாளருக்கு முதலுதவி தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலான இடங்களில் இல்லை. விபத்துச் சாவுகளைப் பற்றி தேசிய அறிவியல் அகாடமி 1966-இல் வெளியிட்ட அறிக்கையும், அதே ஆண்டு வந்த நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டமும் நிலைமையை மாற்றின. 1970-இல் நேஷனல் ரெஜிஸ்ட்ரி என்று எல்லாரும் சுருக்கமாகச் சொல்லும் தேசியப் பதிவமைப்பு உருவானது. நீங்கள் கடைசியில் எழுதப்போகும் தேர்வை நடத்துவது அதுதான்.

படி 1: மாநிலத்திலிருந்து தொடங்குங்கள்

கூகுளில் 'ஆன்லைன் இஎம்டி' என்று தேடினால் முதலில் வருவது விளம்பரங்கள். அதை மூடிவிட்டு, நீங்கள் வேலை செய்யப்போகும் மாநிலத்தின் இஎம்எஸ் (அவசர மருத்துவச் சேவை) அலுவலக இணையதளத்துக்குப் போங்கள். உரிமம் கொடுப்பது மாநிலம். தேசியப் பதிவமைப்பு கொடுப்பது சான்றிதழ் மட்டுமே. அதை வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏற முடியாது. பலர் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழம்புகிறார்கள்.

அந்த இணையதளத்தில் நான்கு விஷயங்களைத் தேடி எழுதி வையுங்கள். ஒன்று, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிறுவனங்களின் பட்டியல். இரண்டு, உரிமத்துக்கு தேசியப் பதிவமைப்பின் தேர்வு வேண்டுமா, மாநிலத்தின் சொந்தத் தேர்வா என்பது. பெரும்பாலான மாநிலங்கள் தேசியத் தேர்வையே ஏற்கின்றன. மூன்று, குறைந்தபட்ச வயது. பொதுவாக 18, சில மாநிலங்களில் 16 அல்லது 17-லேயே சேரலாம். பள்ளி முடிக்கும் முன்பே இஎம்டி ஆகிவிட நினைக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதை முதலில் பார்க்க வேண்டும். நான்கு, வேறு மாநிலத்தில் படித்தவர்களை எப்படி ஏற்கிறார்கள் என்பது.

நான்காவதுதான் இணையவழிப் படிப்புக்கு ரொம்ப முக்கியம். நாடு முழுவதிலுமிருந்து ஆள் சேர்க்கும் நிறுவனங்கள் சில உண்டு. பாடம் இணையத்தில், கைப்பயிற்சி மட்டும் ஒன்றிரண்டு வாரம் அவர்கள் மாநிலத்துக்குப் பறந்து போய். படிப்பு நல்லதாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் மாநிலம் அந்த நிறுவனத்தின் அங்கீகாரத்தை ஏற்குமா என்பதை மாநில அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி 'எல்லா மாநிலத்திலும் செல்லும்' என்று தொலைபேசியில் சொன்னது பின்னால் உதவாது.

படி 2: 'முழுக்க ஆன்லைன்' என்பதைச் சலித்துப் பாருங்கள்

முதன்முறை இஎம்டி ஆகிறவருக்கு முழுக்க முழுக்க இணையத்தில் முடியும் கோர்ஸ் என்று ஒன்று கிடையாது. தேசியக் கல்வித் தரநிலைகள் நான்கு பகுதிகளைச் சொல்கின்றன: பாடம், லேப், மருத்துவமனைப் பயிற்சி, ஆம்புலன்ஸ் பயிற்சி. 2009-இல் வந்த தரநிலைகள் எல்லாம் சேர்த்து 150 முதல் 190 மணி நேரம் ஆகும் என்று மதிப்பிட்டன. சில மாநிலங்கள் அதைவிடக் கூடுதலாகக் கேட்கும். இதில் பாடம் மட்டும்தான் இணையத்துக்குப் போகும். ஹைப்ரிட் என்று சொல்வது இதைத்தான்.

அப்படியானால் 'முழுக்க ஆன்லைன்' என்ற விளம்பரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது? பெரும்பாலும் மூன்றில் ஒன்று. முதலாவது, ஏற்கெனவே இஎம்டி ஆனவர்கள் சான்றிதழைப் புதுப்பிக்க எடுக்கும் ரெஃப்ரெஷர். 'கேப்சி அங்கீகாரம் பெற்றது' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். கேப்சி என்பது தொடர்கல்விக்கான அங்கீகாரம். புதிதாகச் சேர்கிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இரண்டாவது, பாடப் பகுதியை மட்டும் விற்பவர்கள். லேபும் மருத்துவமனைப் பயிற்சியும் நீங்களே தேடிக்கொள்ள வேண்டும் என்று அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். தனி ஆளாகப் போய்க் கேட்டால் எந்த மருத்துவமனையும் உள்ளே விடாது. அதற்குப் பயிற்சி நிறுவனத்தோடு ஒப்பந்தமும் காப்பீடும் வேண்டும். மூன்றாவது, தேர்வுப் பயிற்சி வீடியோக்கள். இவை உபயோகமானவைதான், ஆனால் கோர்ஸ் முடித்த பிறகு.

படி 3: தொலைபேசியை எடுங்கள்

பட்டியலில் இரண்டு மூன்று நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்தாயிற்று. இனி ஒவ்வொன்றுக்கும் போன் செய்து பேசுங்கள். நான் கேட்ட கேள்விகளையும், கேட்காமல் விட்டு வருந்தியவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

லேப் நாட்கள் எவை, எந்த முகவரியில்? வார இறுதியிலா, தொடர்ச்சியாகவா? ஒன்றைத் தவறவிட்டால் ஈடுகட்ட வழி உண்டா? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்? பத்துப் பேருக்கு ஒரு பயிற்சிப் பொம்மை என்றால் நாள் முழுக்க வரிசையில் நிற்கத்தான் நேரம் சரியாக இருக்கும். இந்தக் கேள்விக்கு உடனே ஓர் எண்ணைச் சொல்லும் நிறுவனம் நல்ல அறிகுறி. 'அது மாறிக்கொண்டே இருக்கும்' என்று இழுத்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

மருத்துவமனை, ஆம்புலன்ஸ் நேரங்களை யார் ஏற்பாடு செய்கிறார்கள்? குறைந்தது எத்தனை நோயாளிகளைப் பரிசோதிக்க வேண்டும்? பல கோர்ஸ்களில் 10 என்று வைத்திருக்கிறார்கள். ஷிஃப்ட் பதிய எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியிருக்கும்? எனக்கு இதில்தான் அடி விழுந்தது. பாடம், லேப் எல்லாம் முடிந்து ஷிஃப்டுக்காக மட்டும் ஏழு வாரம் சும்மா இருந்தேன். ஆம்புலன்ஸ் இடங்கள் குறைவு, மாணவர்கள் அதிகம் என்பதை முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பாடம் நேரலை வகுப்பா, பதிவு செய்த வீடியோவா என்பதும் முக்கியம். நேரலை என்றால் எந்த நேர மண்டலத்தில் என்று கேளுங்கள். கிழக்குக் கரையின் மாலை 6 மணி வகுப்பு மேற்குக் கரையில் பிற்பகல் 3 மணி. அலுவலக மீட்டிங்கோடு மோதும். பதிவு செய்த வீடியோ வசதிதான், ஆனால் உங்களைத் துரத்த ஆள் இல்லை. என்னோடு சேர்ந்தவர்களில் விட்டுவிட்டுப் போனவர்கள் பாடம் புரியாமல் போகவில்லை, மூன்றாவது வாரம் பின்தங்கி அப்படியே நின்றுவிட்டார்கள்.

தேர்ச்சி விகிதத்தையும் கேளுங்கள். அவர்களுடைய மாணவர்கள் தேசியத் தேர்வை முதல் முயற்சியில் எத்தனை சதவீதம் கடந்தார்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரிந்திருக்கும். தெரியாது என்றால் அடுத்த எண்ணை அழையுங்கள். கடைசியாக, பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் விதி. எந்தத் தேதி வரை எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

படி 4: காகிதங்கள் (இதைத்தான் முதலில் தொடங்க வேண்டும்)

படிப்பைவிட என்னை அலைக்கழித்தது இந்தப் பகுதி. லேபுக்குத் தடுப்பூசி ஆவணம் பெரும்பாலும் வேண்டாம். மருத்துவமனைக்குள் காலெடுத்து வைக்கக் கட்டாயம் வேண்டும். தட்டம்மை-புட்டாளம்மை-ரூபெல்லா, சின்னம்மை, ஹெபடைட்டிஸ் பி, டிடாப் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான்), ஃப்ளூ, இவற்றோடு காசநோய்ப் பரிசோதனை. ஹெபடைட்டிஸ் பி-க்கு வழக்கமான மூன்று ஊசிகள் ஆறு மாதத்தில் பரவுகின்றன. ஒரு மாத இடைவெளியில் இரண்டே ஊசியோடு முடியும் வகையும் இருக்கிறது. மருத்துவரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். கோர்ஸ் தொடங்கிய பிறகு இதையெல்லாம் ஆரம்பித்தால் காலம் போதாது.

சிறுவயது ஊசி அட்டை ஊரில் எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ என்று பலரும் கவலைப்படுவீர்கள். அம்மாவுக்குப் போன் போட்டுப் பரணில் தேடச் சொல்வதைவிட, டைட்டர் என்ற ரத்தப் பரிசோதனை எளிது. உடம்பில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று அது காட்டிவிடும். போதுமான அளவு இருந்தால் பெரும்பாலான இடங்களில் ஊசிச் சான்றுக்குப் பதிலாக ஏற்கிறார்கள்.

காசநோய்ப் பரிசோதனையில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பிறந்தவுடன் தோளில் போட்ட பிசிஜி (காசநோய்த் தடுப்பு) ஊசியின் தழும்பு நம்மில் பலருக்கு இருக்கிறது. அந்த ஊசி போட்டவர்களுக்குத் தோலில் போடும் காசநோய்ப் பரிசோதனை, நோய்க்கிருமி இல்லாவிட்டாலும் வீங்கிக் காட்டலாம். அப்புறம் நெஞ்சு எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று இழுக்கும். முதலிலேயே 'ரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறேன்' என்று சொல்லுங்கள். அதன் முடிவை பிசிஜி பாதிக்காது.

அடுத்தது சிபிஆர் சான்றிதழ். பொதுமக்களுக்கான சிபிஆர் கோர்ஸ் செல்லாது. சுகாதாரப் பணியாளர்களுக்கான பிஎல்எஸ் (பேசிக் லைஃப் சப்போர்ட்) வேண்டும். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் அல்லது ரெட் கிராஸ் கொடுப்பதைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். இதிலும் பாடத்தை இணையத்தில் முடித்து, நேரில் போய்ப் பொம்மையில் அழுத்திக் காட்டி அட்டை வாங்கும் வசதி உண்டு. நேரில் போகாமலே பத்து நிமிடத்தில் சான்றிதழ் அனுப்பும் தளங்களுக்குக் கட்டும் பணம் வீண். சில நிறுவனங்கள் பிஎல்எஸ்ஸைக் கோர்ஸுக்குள்ளேயே தந்துவிடும், கேட்டுவிட்டுப் பதியுங்கள்.

பின்னணிச் சரிபார்ப்பும், பல இடங்களில் போதைப்பொருள் பரிசோதனையும் உண்டு. உடல் தகுதி பற்றி ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். 125 பவுண்ட், அதாவது ஏறத்தாழ 57 கிலோ எடையைத் தூக்கிச் சமாளிக்க முடியும் என்பது அதில் வழக்கமாக இருக்கும் வரி. பயப்பட வேண்டாம், இடுப்பை வளைக்காமல் தொடை பலத்தால் தூக்குவது எப்படி என்று லேபிலேயே சொல்லிக்கொடுப்பார்கள்.

அப்புறம் பெயர். இதைத் தனியாகவே எழுத வேண்டும். தேர்வு மையத்தில் காட்டும் அடையாள அட்டையில் உள்ள பெயரும், தேசியப் பதிவமைப்பில் நீங்கள் கொடுத்த பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நமக்கு இனிஷியல் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராகியிருக்கும். ஓட்டுநர் உரிமத்தில் அதுவே வேறு வரிசையில் நிற்கும். கல்லூரிப் பதிவிலோ வெறும் ஒற்றை எழுத்து. கோர்ஸில் பதியும் நாளிலேயே தேர்வுக்குக் கொண்டுபோகப்போகும் அட்டையை மேசையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள். பிஎல்எஸ் அட்டையிலும் அதே பெயர் இருக்கட்டும்.

தற்காலிகப் பணியாளரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்பது: படிக்கத் தடையில்லை. சம்பளத்துக்கு வேலை செய்வதற்கு வேலை அனுமதி வேண்டும். சேரும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

படி 5: பணம்

கட்டணம் பொதுவாக 1,000 டாலரையொட்டித் தொடங்கி 2,500 வரை போகும். அதற்குள் என்ன அடக்கம் என்பதில்தான் வித்தியாசம். பாடநூல், சீருடை, ஸ்டெதாஸ்கோப், பின்னணிச் சரிபார்ப்பு, காப்பீடு, தேர்வுக் கட்டணம் ஆகியவை உள்ளே இருக்கின்றனவா, வெளியேவா என்று வரிவரியாகக் கேளுங்கள். குறைவாகத் தெரிந்த கோர்ஸ் கடைசியில் கூடுதலாகிவிடுவது சகஜம்.

ஒரு டாலரும் கட்டாமல் படிக்கும் வழியும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. தன்னார்வத் தீயணைப்பு நிலையங்களும் ரெஸ்க்யூ ஸ்குவாடுகளும் (மீட்புக் குழுக்களும்) ஆள் இல்லாமல் தவிக்கின்றன. உறுப்பினராகச் சேர்ந்து, இத்தனை மாதம் சேவை செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டால் பயிற்சிச் செலவை அவர்களே ஏற்பது வழக்கம். தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனங்கள் சில, பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் கொடுத்துச் சேர்க்கின்றன. வேலை இழந்தவர்கள் மாநில வேலைவாய்ப்பு மையத்தில் பயிற்சி உதவித்தொகை பற்றி விசாரிக்கலாம். என் வரைக்கும் சொன்னால், பக்கத்தில் நல்ல ஸ்குவாட் இருந்தால் அங்கே போவதுதான் சிறந்தது. வகுப்பு முடிந்ததும் ஏறுவதற்கு ஒரு வண்டி காத்திருக்கும்.

படி 6: பதிந்த பிறகு முதல் இரண்டு வாரம்

பதிவு எளிது. விண்ணப்பம், முன்பணம், ஆவணங்கள், ஓர் அறிமுகக் கூட்டம். கேமரா வழியே கண்காணிக்கும் தேர்வு உண்டென்றால், அந்த மென்பொருள் உங்கள் கணினியில் ஓடுகிறதா என்று முதல் நாளே பாருங்கள். அலுவலக லேப்டாப்பில் பெரும்பாலும் ஓடாது.

பிறகு நேரக் கணக்கு. மொத்தம் 170 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். பதினாறு வாரம் என்றால் வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்குச் சற்று மேல். எட்டு வாரத் துரிதக் கோர்ஸ் என்றால் இருபத்தொன்று. இது வகுப்பு நேரம் மட்டும், புத்தகம் படிப்பது தனி. முழுநேர வேலையும் சின்னக் குழந்தையும் இருக்கும் வீட்டில் எட்டு வாரக் கோர்ஸை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 7: வீட்டிலேயே கையைப் பழக்குவது

இணையவழி மாணவருக்கும் வகுப்பறை மாணவருக்கும் உள்ள இடைவெளி இங்கேதான் தெரியும். வகுப்பறையில் இருப்பவர் வாரம் இரண்டு முறை கருவியைத் தொடுகிறார். நீங்கள் லேப் நாள் வரை தொடவே மாட்டீர்கள். ஆகவே கையால் ஏற்றும் ரத்த அழுத்தப் பட்டை ஒன்றும் சாதாரண ஸ்டெதாஸ்கோப் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். விலை அதிகமில்லை. பட்டன் அமுக்கினால் தானாக அளக்கும் கருவி வேண்டாம்.

இப்படிப் பழகுங்கள். எதிரே இருப்பவரின் கையை மேசையில், இதயத்தின் உயரத்துக்கு வையுங்கள். முழங்கை மடிப்புக்குச் சற்று மேலே பட்டையைச் சுற்றுங்கள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் நாடியைத் தொட்டுக்கொண்டே காற்றேற்றுங்கள். நாடி மறையும் இடத்திலிருந்து அளவியின் முள்ளை இன்னும் 30 மேலே ஏற்றி நிறுத்துங்கள். ஸ்டெதாஸ்கோப்பின் வட்டை முழங்கை மடிப்பின் உட்புறத்தில், சுண்டுவிரல் பக்கமாக வைத்து, திருகாணியைக் கொஞ்சமாகத் திறங்கள். முள் வினாடிக்கு 2, 3 அளவு மட்டுமே இறங்க வேண்டும். முதல் டுப் கேட்ட எண் மேலளவு, சத்தம் மறைந்த எண் கீழளவு. திருகாணியைச் சட்டென்று திறந்துவிட்டால் முள் விழுந்து இரண்டும் கைநழுவிவிடும். ஒரே கையில் அடுத்தடுத்து அளக்காமல் ஒரு நிமிடம் விட்டு அளந்து பாருங்கள். வீட்டில் இருக்கும் எல்லாரையும் பிடியுங்கள்: பருத்த கை, ஒல்லிக் கை, தொலைக்காட்சி ஓடும் அறை. ஓடும் ஆம்புலன்ஸுக்குள் இதைவிடச் சத்தமாக இருக்கும்.

இன்னொன்று வாய்ப்பயிற்சி. நோயாளிப் பரிசோதனைத் தேர்வில் செய்வதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். கையுறை போட்டேன், இடம் பாதுகாப்பாக இருக்கிறது, எத்தனை நோயாளிகள், கூடுதல் உதவி வேண்டுமா, நினைவு இருக்கிறதா, மூச்சுப் பாதை, மூச்சு, ரத்த ஓட்டம். வெட்கத்தை விட்டு ஒரு தலையணையைப் படுக்கவைத்து அதனிடம் பேசுங்கள். முதல் வரியில் பாதுகாப்பைச் சொல்ல மறந்தால் பல இடங்களில் அங்கேயே தோல்விதான்.

வலி பற்றிய ஆறு கேள்விகளை ஆங்கில முதலெழுத்துகளாக மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. தமிழில் கேட்டுப் பழகினேன்: எப்போது ஆரம்பித்தது? என்ன செய்தால் கூடுகிறது, குறைகிறது? குத்துகிறதா, அழுத்துகிறதா, எரிகிறதா? வேறெங்காவது பரவுகிறதா? பத்துக்கு எத்தனை? எவ்வளவு நேரமாக? பாட்டியிடம் விசாரிப்பதுபோல் ஆனதும் ஆறும் தானாக வந்தன. ஆங்கில எழுத்துகளை அதன்மேல் பிறகு ஒட்டவைத்துக்கொண்டேன்.

படி 8: லேப், பிறகு நிஜ நோயாளிகள்

லேப் நாளில் கூச்சப்பட்டுப் பின்வரிசையில் நிற்காதீர்கள். பேக் மாஸ்க்கை ஒற்றைக் கையால் முகத்தோடு கசியாமல் பிடிப்பது பார்க்கச் சுலபம், முதல் பத்து முறை காற்று பக்கவாட்டில்தான் போகும். ஆக்சிஜன் முகமூடியை மாட்டும் முன் அதன் பையை நிரப்ப வேண்டும் என்பதும் வீடியோவில் நூறு முறை பார்த்து, கையில் வரும்போது மறப்பது. சிபிஆரில் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் பெரியவர்களுக்குக் குறைந்தது 5 செ.மீ., 6-ஐத் தாண்டாமல். இரண்டு நிமிடம் அப்படி அழுத்திப் பாருங்கள், ஆள் ஏன் மாறிக்கொள்கிறார்கள் என்று தோள்பட்டைக்குப் புரியும்.

ஆம்புலன்ஸில் என் முதல் ஷிஃப்டில் வீட்டில் தவறி விழுந்த ஒரு முதியவரிடம் போனோம். எனக்குக் கொடுத்த வேலை நாடி பார்ப்பது. பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். என் விரலிலேயே படபடப்பு இருந்ததால் அவருடைய நாடியை எண்ணுகிறேனா என்னுடையதையா என்று தெரியவில்லை. மூன்றாம் முறை எண்ணித்தான் சொன்னேன். கூட இருந்த இஎம்டி சிரித்துவிட்டு, 'தெரியாத எண்ணைச் சொல்லாமல் திரும்ப எண்ணினாய் பார், அதுதான் வேண்டும்' என்றார். ஷிஃப்ட் முடிந்தவுடன் உங்கள் பதிவுத் தாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மறுநாள் அந்த ஆளைப் பிடிப்பது கஷ்டம்.

படி 9: தேசியத் தேர்வும் உரிமமும்

கோர்ஸ் முடிந்ததும் தேசியப் பதிவமைப்பின் தளத்தில் கணக்குத் தொடங்கி விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். நீங்கள் கோர்ஸை முடித்தீர்கள் என்று உங்கள் பயிற்சி இயக்குநர் அதே தளத்தில் உறுதிசெய்தால்தான் அடுத்த கதவு திறக்கும். அவர் விடுமுறையில் இருந்தால் காத்திருக்க வேண்டியதுதான், நாசூக்காக நினைவூட்டுங்கள். அனுமதிக் கடிதம் வந்ததும் பியர்சன் வியூ என்ற நிறுவனத்தின் தேர்வு மையத்தில் நாள் குறிக்கலாம். கடிதத்தில் காலாவதித் தேதி உண்டு.

தேர்வு 2 மணி நேரம், 70 முதல் 120 கேள்விகள். எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கை வராது, ஏனென்றால் உங்கள் பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினத்தைக் கணினி மாற்றிக்கொண்டே போகும். உங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்ததும் நின்றுவிடும். எழுபதிலேயே திரை அணைந்தால் 'போச்சு' என்று அழ வேண்டாம், 'பாஸ்' என்று துள்ளவும் வேண்டாம். இரண்டுக்கும் அது நடக்கும். முந்தைய கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. கேள்விகள் தொடர்ந்து கடினமாகத் தெரிவது நல்லதுதான்.

விடையைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நான்கும் சரியாகத் தோன்றும்போது, 'இப்போது, இந்த நொடியில் ஆளைக் கொல்லப்போவது எது?' என்று கேளுங்கள். உடைந்த கால் காத்திருக்கும், அடைத்த மூச்சுப் பாதை காத்திருக்காது. தேர்வில் ஆகப் பெரிய பங்கு முதல்நிலைப் பரிசோதனைக்குத்தான்.

தோற்றால் 15 நாள் கழித்து மறுபடி எழுதலாம். மூன்று முறை தோற்றால் 24 மணி நேரக் கூடுதல் பயிற்சி எடுத்து, இன்னும் மூன்று வாய்ப்பு. கோர்ஸ் முடித்த இரண்டு ஆண்டுக்குள் இதெல்லாம் முடிய வேண்டும். கோர்ஸ் முடிந்த சூட்டோடு எழுதிவிடுவது நல்லது. நான் இரண்டு மாதம் தள்ளிப்போட்டு, பாதியை மறுபடி படித்தேன்.

கைத்திறன் தேர்வை மாநிலமோ பயிற்சி நிறுவனமோ தனியாக நடத்தும். இரண்டிலும் தேறியதும் மாநிலத்திடம் உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். விரல்ரேகை கேட்டால் அதற்கும் சில நாள் ஆகும். ஆம்புலன்ஸ் ஓட்டவும் வேண்டிய வேலை என்றால் அவசர வாகனம் ஓட்டும் பயிற்சி ஒன்று தனியாக உண்டு, சேர்ந்த இடத்திலேயே பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

சான்றிதழை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் 31-க்குள் புதுப்பிக்க வேண்டும். தேசியப் பதிவமைப்பு கேட்பது 40 மணி நேரத் தொடர்கல்வி: தேசியப் பாடங்கள் 20, உள்ளூர்த் தேவைக்கு 10, உங்கள் விருப்பத்துக்கு 10. படி 2-இல் வேண்டாம் என்று ஒதுக்கச் சொன்ன அந்த கேப்சி கோர்ஸ்கள் இப்போதுதான் உங்களுக்குத் தேவைப்படும். ஒவ்வொன்றையும் முடித்தவுடனே சான்றிதழைப் பதிவிறக்கி ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள், மார்ச் மாதம் தேடாமல் இருக்க.